கை முந்தும், வலி பிந்தும்

தோசைக்கல்லின் விளிம்பில் விரல் பட்டுவிட்டால், கையை இழுத்த பிறகுதான் ‘ஸ்ஸ்’ என்கிறோம். இழுக்கச் சொன்னது மூளை அல்ல, தண்டுவடம். தோலிலிருந்து வந்த செய்தி அங்கேயே இடைநரம்புகள் வழியாகத் திரும்பி, கையை மடக்கும் தசையைச் சுருக்கி, நீட்டும் தசையைத் தளர்த்திவிடுகிறது. மூளைக்குச் செய்தி தனியாகப் போகிறது.

அதுவும் இரண்டு தவணையாகப் போகிறது. மயலின் என்ற கொழுப்புப் பொருளின் மெல்லிய உறை போர்த்திய ஏ-டெல்டா நரம்பிழைகளில் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். முதலில் சுருக்கென்று உறைப்பது இவற்றால்தான். உறையில்லாத சி இழைகள் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. விரலிலிருந்து தண்டுவடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்பதால், இவை கொண்டுவரும் காந்தல் வந்துசேரச் சற்று நேரமாகிறது.

சூட்டை முதலில் உணர்வது யார்? நரம்பு முனையின் சவ்வில் உள்ள டிஆர்பிவி1 என்ற புரதம். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸில் அது வாய் திறக்கும், கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும். சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இதைக் கண்டுபிடித்தது, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைப் பின்தொடர்ந்துதான். பச்சைமிளகாய் நறுக்கிய கை எரிவதும் இதே வாயில் திறப்பதால்தான். தோல் துளிகூடச் சூடாகியிருக்காது. 2021 மருத்துவ நோபல் பரிசில் ஜூலியஸுக்குப் பாதி.

உடல் இந்த ஒரு காவலாளியை மட்டும் நம்பியில்லை. டிஆர்பிவி1 நீக்கப்பட்ட எலிகளும் சூட்டுக்கு ஓரளவு துள்ளுகின்றன. டிஆர்பிஏ1, டிஆர்பிஎம்3 என்ற வேறு இரு சூடுணரும் புரதங்களையும் சேர்த்து நீக்கினால்தான் அந்தத் துள்ளல் அடங்குகிறது என்று 2018இல் தெரியவந்தது.

43 என்பதும் கல்வெட்டு அல்ல. புண்பட்ட இடத்தில் சுரக்கும் பிராடிகினின், புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் அந்த வரம்பைக் கீழே இறக்கிவிடுகின்றன. அதனால்தான் வெயிலில் கன்றிய முதுகுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கொதிநீராகப் படுகிறது.

மறுபக்கம், மூளை நினைத்தால் அனிச்சையையே அடக்கிவைக்கும். சூடான டம்ளரைக் கீழே போடாமல் மேசைவரை கொண்டுபோய் வைப்பது அப்படித்தான்.

டிஆர்பிவி1 என்ற இந்த வாயிலை மூடிவிட்டால் வலி நிவாரணி கிடைத்துவிடுமே என்று மருந்து நிறுவனங்கள் இறங்கின. சோதனையில் சிலருக்கு உடல் வெப்பம் ஏறியது, ஏனென்றால் உடல் வெப்பத்தைச் சீராக வைப்பதிலும் டிஆர்பிவி1க்குப் பங்குண்டு. வேறு சிலருக்குச் சூடு உறைப்பது மங்கியது, வெந்நீரும் சூடான பானமும் தெரியாமலே சுட்டுவிடும் அளவுக்கு.