குற்றப்பத்திரிகையில் வராத பெயர்கள்

கலவர வழக்குகளில் வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் 19, 20 வயதுப் பையன்கள். குடிசைக்குத் தீ வைத்தது, பஸ் கண்ணாடியை உடைத்தது, அடுத்த தெருக்காரரை வெட்டியது என்று குற்றப்பத்திரிகை நீளும். எல்லோரிடமும் இரண்டு கேள்விகள் கேட்பேன். முந்தின நாள் கூட்டத்தில் பேசியவர் யார்? வண்டிக்கும் சாராயத்துக்கும் பணம் கொடுத்தவர் யார்? பையன்களிடம் பதில் இருக்கிறது. வழக்குக் கட்டில் அந்தப் பெயர்கள் இருப்பதில்லை.

ஒரு பையன் ரிமாண்டான அன்று நாலு பேர் காரில் வந்து, "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அம்மா" என்று அவன் தாயிடம் சொன்னார்கள். மூன்றாவது வாய்தாவுக்கு ஒருவரும் வரவில்லை. தோட்டை அடகு வைத்து அந்த அம்மாவே ஜாமீன் செலவைப் பார்த்தார். அவனுக்குத் துபாயில் வேலை பேசியிருந்தார்கள். வழக்கு நிலுவையில் இருந்ததால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. அவனைக் கலவரத்துக்குத் தூண்டிவிட்டவரோ பக்கத்து ஊர் மேடையில் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்காத இடம் இதுதான்.

"வெறும் பேச்சுதானே, அவரா அரிவாளை எடுத்தார்?" என்பவர்களிடம் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைச் சொல்வேன். 1993 ஜூலையில் அங்கே ஆர்டிஎல்எம் என்ற தனியார் வானொலி தொடங்கியது. பாட்டும் அரட்டையுமாக இளைஞர்களைச் சேர்த்தது; நடுநடுவே அங்குள்ள சிறுபான்மை இனமான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றது. 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கியதும், ஆட்களின் பெயரையும் இருக்கும் இடத்தையும் அறிவித்தது. சுமார் 100 நாட்களில் மாண்டவர்கள் எட்டு லட்சம் பேர் என்பது பரவலான கணக்கு. ஐ.நா. தீர்ப்பாயம் 2003இல் வானொலியை நிறுவியவர்களில் இருவரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் தண்டித்தது. இருவரில் ஒருவரான ஃபெர்டினான்ட் நஹிமானா வரலாற்றுப் பேராசிரியர். படித்தவர் இப்படிச் செய்வாரா என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

வானொலிக்கும் கொலைப்படைக்கும் பணம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பெருவணிகர் ஃபெலிசியன் கபுகா 2020இல்தான் பாரிஸ் அருகே பிடிபட்டார். மறதிநோய் காரணமாக 2023இல் அவர்மீதான விசாரணை காலவரையின்றி நிறுத்தப்பட்டது.

நம் நாட்டில் சமூகங்களுக்கிடையே பகை மூட்டும் பேச்சுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு இருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை. புகாருக்குக் காத்திராமல் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். பேச்சாளர் செல்வாக்குள்ளவர் என்றால் கோப்பு அங்கேயே படுத்துவிடுகிறது.

ஆகவே உங்கள் ஊரில் அப்படி ஒருவர் பேசினால், பேச்சை முழுவதுமாகப் பதிவு செய்யுங்கள். துண்டு வீடியோ உதவாது. தேதி, இடம் குறித்து எழுத்தில் புகார் கொடுத்து ரசீது கேளுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பயனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். கூட்டம் கலைந்த அன்றிரவே இதைத் தொடங்குங்கள். மறுநாள் என்னிடம் வந்தால், உங்கள் வீட்டுப் பையனுக்கு ஜாமீன் மனு மட்டும்தான் என்னால் எழுத முடியும்.