சிற்றினம்–பரப்பளவுத் தொடர்பு

பெரிய தீவில் பூச்சி வகைகள் மிகுந்தும் சிறிய தீவில் குறைந்தும் காணப்படும் ஒழுங்கைச் சூழலியலார் 'ஸ்பீசிஸ்–ஏரியா ரிலேஷன்ஷிப்' என்கின்றனர். இதைச் 'சிற்றினம்–பரப்பளவுத் தொடர்பு' என்பதே தெளிவு. 'ஸ்பீசிஸ்' என்பது 'பார்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையடியில் பிறந்து, தோற்றம், வகை எனப் பொருள் விரிந்த சொல். தமிழில் வெறும் 'இனம்' மக்கள் கூட்டத்தையும் குறிக்கும். சிற்றினங்கள் பலவற்றை அடக்கிய 'பேரினம்' (ஜீனஸ்) என்பதற்கு இணையாகப் பாடநூல்களில் நிலைபெற்ற 'சிற்றினம்' அந்த மயக்கத்தைத் தவிர்க்கிறது. 'பரப்பு' என்றாலே போதும் என்பாரும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் பரப்பு என்பது 16 சேர்ந்தால் ஓர் ஏக்கர் ஆகும் நில அளவை அலகு என்பதால், 'பரப்பளவு' என்று எழுதுவதே நல்லது.

இக்கருத்து பழையது. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன் சென்ற இயற்கையியலாளர் ஃபார்ஸ்டர், தீவின் சுற்றளவுக்கேற்ப உயிர்வகைகள் கூடியும் குறைந்தும் இருப்பதை 1778இல் எழுதினார். 1921இல் சுவீடனைச் சேர்ந்த ஓலோஃப் அர்ரேனியஸ் இதைக் கணிதச் சமன்பாடாக்கினார். பரப்பளவை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தி ஒரு மாறிலியால் பெருக்கினால் சிற்றினங்களின் எண்ணிக்கை கிடைக்கும். தீவுகளில் அந்த அடுக்கு பெரும்பாலும் 0.2க்கும் 0.35க்கும் இடையில் அமைகிறது, 0.3 எனக் கொண்டால், பரப்பளவு பத்து மடங்கானால் சிற்றினங்கள் ஏறத்தாழ இரு மடங்காகும்.

பசிபிக் தீவுகளின் எறும்புகளை ஆராய்ந்த எட்வர்டு வில்சனும் கணித நாட்டமுள்ள ராபர்ட் மக்கார்தரும் 1960களில் இதற்குக் காரணம் கூறினர். தீவுக்குப் புதிய சிற்றினங்கள் வந்தவண்ணமும் இருப்பவற்றுள் சில அழிந்தவண்ணமும் உள்ளன. சிறிய தீவில் ஒவ்வொரு சிற்றினத்தின் உயிர்த்தொகையும் சிறியது என்பதால் அழிவு விரைகிறது. வரவும் அழிவும் சமமாகும் இடத்தில் எண்ணிக்கை நிலைகொள்கிறது. இது சமநிலைக் கொள்கை எனப்படும்.

கொள்கையைச் சோதிக்க வில்சனும் அவர் மாணவர் டேனியல் சிம்பர்லாஃபும் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுப் பகுதியின் சின்னஞ்சிறு அலையாத்தித் திட்டுகளைத் தேர்ந்தெடுத்தனர். பத்து இருபது மீட்டர் அகலமே உள்ள திட்டைச் சுற்றிச் சாரம் எழுப்பி, கூடாரத்துணியால் முழுவதும் மூடி, மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்தி, அங்கிருந்த பூச்சிகளையும் சிலந்திகளையும் அழித்தனர். கரையான் புகைக்கும் தொழிலில் வழங்கிய அதே முறைதான் இது. அதன்பின் கிளை கிளையாகத் தேடி வந்தேறிகளைக் கணக்கெடுத்தனர். ஓராண்டுக்குள் பெரும்பாலான திட்டுகளில் எண்ணிக்கை பழைய அளவை நெருங்கிவிட்டது, தொலைவிலிருந்த திட்டில் மட்டும் மீட்சி மந்தமாக இருந்தது. எண்ணிக்கை மீண்டாலும் அதே சிற்றினங்கள் மீளவில்லை என்பதுதான் இச்சோதனையின் சுவையான பகுதி.

பின்னர் சிம்பர்லாஃப், அலையாத்தி மரங்களை வெட்டித் திட்டுகளின் பரப்பளவைக் குறைத்துப் பார்த்தார். 1976இல் அவர் வெளியிட்ட முடிவின்படி சிற்றினங்களும் குறைந்தன. பெரிய தீவில் வாழிட வகைகள் பல இருப்பதே காரணம் என்னும் விளக்கம் இங்கே போதாது, ஏனெனில் அத்திட்டுகளில் இருந்தது ஏறக்குறைய ஒரே வகை மரம்தான். எனவே தலைப்பிலுள்ள 'பரப்பளவு' வேறொன்றின் மாற்றுப்பெயர் அன்று, தானே ஒரு காரணம்.

'தீவு' இங்கு நீர் சூழ்ந்த நிலத்தை மட்டும் குறிப்பதில்லை. நீலகிரியின் புல்வெளி நடுவே தனித்து நிற்கும் சோலைக் காட்டுத் துண்டும், வயல்கள் சூழ்ந்த ஒரு கோயில் காடும் பூச்சிக்குத் தீவுகளே. ஆயினும் சூழ்ந்திருக்கும் புல்லிலும் வயலிலும் வாழவல்ல பூச்சிகள் பல இருப்பதால், அங்கெல்லாம் பரப்பளவு கூடும்போது சிற்றினங்கள் கூடும் வேகம் கடல் தீவுகளில் போல அத்தனை மிகுதியாக இருப்பதில்லை.