தொடைக்குள் ஒரு கைப்பிடி கருமணல்

பெரியப்பா வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே துருவேறிய தூண்டில் முட்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், நின்றுபோன கைக்கடிகாரம், அவற்றோடு ஆஸ்பத்திரியில் காகிதத்தில் பொதிந்து கொடுத்த இரண்டு பிளேட்டுகள். ஒன்று அவருடைய முன்கையில் இருந்தது. வில்லுக்குறி பக்கம் சைக்கிளோடு விழுந்து கை ஒடிந்தபோது வைத்து, எலும்பு கூடியபின் எடுத்தது. மற்றது அண்ணனின் காறையெலும்பில் இருந்தது. இருபது வருடம் கழித்து, அவன் பைக்கோடு விழுந்தபோது வைத்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே தடிமன், ஆளுக்கு ஆறு ஓட்டை.

ஒருநாள் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “மக்கா, நீ படிச்சவன்லா. இதுல எதாக்கும் ஒசத்தி?”

அவர் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், கடற்கரை மணலிலிருந்து தாது பிரிக்கும் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எதைக் கண்டாலும் முதலில் காந்தத்தைக் காட்டுவார். காட்டினார். இரண்டுமே ஒட்டவில்லை. ஆனால் அவருடைய பிளேட்டில் பாதிக்கு மேல் இரும்புதான். குரோமியமும் நிக்கலும் சேர்ந்து அணுக்களின் அடுக்கையே மாற்றிவிடுவதால் அந்த வகை எவர்சில்வர் காந்தத்துக்கு மசியாது. அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் எவர்சில்வருக்கு 316எல் என்று பெயர். அண்ணனுடையது டைட்டானியம். காந்தத்தால் பிரிக்க முடியாததைக் கையே பிரித்துச் சொல்லிவிட்டது. ஒரு கன சென்டிமீட்டர் எவர்சில்வர் 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். அண்ணனுடைய பிளேட் கையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

எது ஒசத்தி என்பதற்குப் பதில் சொல்ல, பெரியப்பா முப்பது வருடம் மிதித்து நடந்த மணலிலிருந்தே தொடங்க வேண்டும்.

சின்னவிளை, பெரியவிளை கரைகளில் அலை வடிந்தபின் கருப்புக் கோடு கோடாகக் கிடக்கிறதே, அதில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் கலந்த தாது. கூடவே ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட். 1909-ல் இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப்போன மணலைக் கவனித்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்தான் இந்தக் கரையை உலகத்துக்குக் காட்டியவர். அவர் தேடியது கேஸ் விளக்கில் ஒளிரும் மேன்டில் வலைக்கான மோனசைட்டை. இல்மனைட் அப்போது யாருக்கும் பெரிதாகத் தேவைப்படவில்லை. டைட்டானியம் என்ற தனிமமே இதுபோன்ற கரிய மணலில்தான் முதலில் பிடிபட்டது. 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஓடை மணலை ஆராய்ந்தபோது.

கண்டுபிடிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு வரை அது உலோகமாகப் பெரிய அளவில் கைக்கு வரவில்லை. காரணம், ஆக்சிஜன்மேல் அதற்கு இருக்கும் பேராசை. இரும்புத்தாதுவைப்போல் கரியோடு சேர்த்து உருக்கினால் போதாது. ஆக்சிஜனை விட்டாலும் கரியைப் பிடித்துக்கொள்ளும். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1930-களில் ஒரு சுற்றுவழி கண்டார். தாதுவைக் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்குவது, அதை வடித்துச் சுத்தம் செய்வது, பிறகு காற்றே புகாத கலனில் உருகிய மக்னீசியத்தை விட்டுக் குளோரினைப் பிடுங்கவைப்பது. மிஞ்சுவது ஓட்டை ஓட்டையான சாம்பல்நிறக் கட்டி. அதற்குப் பெயரே டைட்டானியம் பஞ்சு. நம் ஊரிலிருந்து வடக்கே கொல்லத்தை அடுத்த சவறாவில் 2011 முதல் இப்படிப் பஞ்சு எடுக்கிறார்கள். ஆனால் உலகில் தோண்டப்படும் டைட்டானியம் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகமாக மாறுவதே இல்லை. வெள்ளை பெயின்ட்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிவிடுகிறது. கரிய மணல் சுவரில் வெள்ளையாகப் போய் நிற்கிறது.

உலோகத்தை இவ்வளவு விலைகூடியதாக்கிய அதே பேராசைதான் உடம்புக்குள் அதன் கவசம். டைட்டானியத்தின் மேல் கீறினால், கீறல் விழுந்த அந்தக் கணமே காற்றிலோ ரத்தத்திலோ உள்ள ஆக்சிஜன் வந்து மூடிவிடுகிறது. ஒரு மெல்லிய ஆக்சைடு தோல், சில நானோமீட்டர் தடிமன்தான். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஒருவகையில் டைட்டானியமும் துருப்பிடிக்கிறது. இரும்பின் துரு உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காட்டிக்கொடுக்கும். டைட்டானியத்தின் துரு ஒட்டிக்கொண்டு காவல் நிற்கும்.

குளச்சலிலோ முட்டத்திலோ வீடு கட்டியவர்களிடம் உப்பைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி நாலு வருடத்தில் பொருக்குவிடும். நம் உடம்பும் ஒரு சிறு கடல். கடல்நீரில் 3.5 சதவீதம் உப்பு; ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம், ரத்தத்துக்கு ஏறக்குறைய ஒத்த அளவு. அதோடு 37 டிகிரி சூடு. எவர்சில்வருக்கும் குரோமியம் ஆக்சைடு தோல் உண்டு. ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அதைத் துளைக்கக்கூடியது, முக்கியமாக ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் ஆக்சிஜன் எட்டாத இடுக்கில். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிக்கல் கசியும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார்; பெரும்பாலும் அது நிக்கல் ஒவ்வாமை. ஒடிந்த எலும்பு கூடியதும் கழற்றிவிடுகிற பிளேட்டுக்கு எவர்சில்வர் இன்றும் நல்ல, மலிவான பொருள். வாழ்நாள் முழுக்க உள்ளே இருக்க வேண்டியதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

அண்ணனின் பிளேட்டோடு வந்த ஸ்க்ரூக்கள் தங்க நிறம். பெரியப்பா அதைத் தங்கமுலாம் என்றே நம்பினார். அது சாயமும் இல்லை, முலாமும் இல்லை. மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு தோலைக் கொஞ்சம் தடிமனாக்கினால், தோலின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டும். மழை பெய்த ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுவது இதே கணக்கில்தான். வோல்ட்டைக் கூட்டினால் தங்கம் ஊதாவாகும், நீலமாகும். எந்த அளவு ஸ்க்ரூ எது என்று ஆபரேஷன் தியேட்டரில் சட்டென்று அடையாளம் காண இந்த நிறங்கள் உதவும்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது: டைட்டானியம் பிளேட்டில் எவர்சில்வர் ஸ்க்ரூவை முறுக்குவது. ஏன் என்று மீன்பிடித் துறைமுகத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டியைப் பற்றவைத்திருப்பார்கள். உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி உண்டாகி ஒன்று கரையும். துத்தநாகம் கரைந்து படகைக் காக்கும். உடம்புக்குள் அப்படித் தியாகம் செய்ய எதையும் வைக்க முடியாது.

எலும்புக்கு இந்த ஆக்சைடு தோல் பிடித்துப்போகிறது என்பது தற்செயலாகத் தெரிந்தது. 1952-ல் சுவீடனின் பெர்-இங்வார் பிரானமார்க், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து, விலை உயர்ந்த அந்தக் குழலைக் கழற்றப்போனால் வரவில்லை. எலும்பு அதைக் கவ்விப்பிடித்து வளர்ந்திருந்தது. அவர் பிறகு அந்தப் பிடிப்பையே நம்பி, 1965-ல் முதல் மனிதருக்குப் பல் பதித்தார். இன்று நாகர்கோவிலில் தெருவுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரிப் பலகையில் ‘இம்பிளான்ட்’ என்று எழுதியிருப்பதன் பூர்வீகம் அந்த முயல்.

இனி பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஒசத்தி என்று அவர் கேட்டது பலத்தை. பலம் மட்டும் போதும் என்றால் எவர்சில்வரே தாராளம். சிக்கல் விறைப்பில். வலிமை என்பது ஒடியாமல் தாங்குவது. விறைப்பு என்பது வளைய மறுப்பது. இரண்டும் வேறு. விறைப்பைக் கிகாபாஸ்கலில் சொல்வார்கள். நம் கெட்டி எலும்புக்கு 10 முதல் 30. எவர்சில்வருக்கு 200 அளவில். கோபால்ட்-குரோமியக் கலவைக்கு 210-க்கும் மேல். ஆறு சதவீதம் அலுமினியமும் நாலு சதவீதம் வனேடியமும் சேர்த்த டைட்டானியத்துக்கு 110.

பழைய ஓட்டுவீட்டில் பனங்கை ஒன்று வலுக்குறைந்துவிட்டது என்று அதோடு ஒட்டி ஒரு தண்டவாளத்துண்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? கூரைப் பாரம் மொத்தமும் தண்டவாளத்துக்குப் போய்விடும். சேர்ந்து தாங்கும் இரண்டில் எது விறைப்போ அதுதான் சுமக்கும். பனங்கை சும்மா இருக்கும், அதற்கு நட்டமில்லை. எலும்பு செத்த மரம் அல்ல. அதற்குள் இரண்டு கூட்டம் செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன: ஒன்று இடிக்கும், ஒன்று கட்டும். எங்கே பாரம் ஏறுகிறதோ அங்கே கட்டும் வேலை கூடும், பாரம் இல்லாத இடத்தில் இடிக்கும் வேலையே நடக்கும். ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதை விதியாக எழுதினார். விண்வெளியில் எடையற்று மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. தொடைக்குள் மிக விறைப்பான கம்பி இருப்பவருக்கும் அந்த இடத்து எலும்பு கொஞ்சம் விண்வெளியில் இருப்பதுபோலத்தான். வருடங்கள் போனால் கம்பி அப்படியே இருக்கும், அதைச் சுற்றியுள்ள எலும்பு மெலிந்து கம்பி ஆடத் தொடங்கும்.

ஆகவே டைட்டானியத்தின் சிறப்பு, வேண்டிய பலத்தைக் கொடுத்துக்கொண்டே எவர்சில்வரில் பாதியளவுக்கு இளகிக்கொடுப்பது. அதுவும் போதவில்லை என்று நயோபியம், டான்டலம், சிர்கோனியம் சேர்த்து 55 முதல் 80 வரை இறக்கியிருக்கிறார்கள். வனேடியம் உடம்புக்கு ஆகாது என்ற பயமும் இந்தக் கலவைகளுக்கு ஒரு காரணம். முப்பரிமாண அச்சில் கடற்பஞ்சுபோல் துளைகளோடு வார்த்தால் விறைப்பு இன்னும் இறங்கும், துளைக்குள் எலும்பும் வளர்ந்து பிடிக்கும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்டவும் முடியாது. ஒரு கம்பி வளையுமா என்பது அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டத்தைக் கால் பங்கு கூட்டினாலே விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். பொருளைச் சரியாகத் தேர்ந்து, அளவைத் தப்பாகத் தேர்ந்தால் எல்லாம் வீண்.

இவ்வளவு சொன்னபின் டைட்டானியத்தின் பெரிய குறையையும் சொல்லவேண்டும்: உராய்வு தாங்காது. ஒன்றோடொன்று தேய்த்தால் இழுபட்டுச் சிராய்ந்து கரும்பொடி கொட்டும். அதனால் செயற்கை இடுப்பு மூட்டில், தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டு டைட்டானியமாக இருந்தாலும் பந்து கோபால்ட்-குரோமியமாகவோ பீங்கானாகவோ இருக்கும். பீங்கானில் ஒருவகை சிர்கோனியா, அதன் மூலத்தாது சிர்கான். பெரியப்பா வேலை பார்த்த அதே மணலில் இருப்பது. பந்து உட்காரும் கிண்ணத்துக்கு இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானை வைத்தார். சில வருடங்களில் அது தேய்ந்து, துகள்கள் சுற்றியுள்ள எலும்பையே கெடுத்தன. அந்தத் துகள்களைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்த மனிதர் அவர். 1962-ல் அவர் மாறிய பொருள் மிக நீண்ட மூலக்கூறு கொண்ட பாலிதீன். மீன்வலை நூலுக்குப் பயன்படும் பாலிதீனுக்கு நெருங்கிய சொந்தம். இன்றும் அதன் மேம்பட்ட வடிவங்கள்தான். 1990-ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் முதன்முதலாகப் பொருத்திய நம் நாட்டு இதயவால்விலும் திறந்து மூடும் வட்டு இதே பாலிதீன், அதைத் தாங்கும் கூடு கோபால்ட் கலவை. வருடத்துக்கு நாலு கோடித் தடவை தட்டும் இடம் அது.

முழங்கால் மாற்றப் போகிறவர்கள் டைட்டானியம்தானே என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. 2017-ல் மத்திய அரசு விலைக்கு வரம்பு கட்டியபோது கோபால்ட்-குரோமியத்துக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற வகைக்கு 76,600 ரூபாய் என்று வைத்தார்கள். விலை கூடினதுதான் நல்லது என்று நம் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். முழங்காலில் தேயும் பக்கத்துக்குக் கோபால்ட்-குரோமியம் ஒன்றும் இளைத்ததில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னபோது கடைசிவரை கேட்டார். “அப்போ கொஞ்சம் வளஞ்சு குடுக்கதுதான் ஒசத்திங்க.” அவ்வளவுதான்.

பிற்பாடு அவரே குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையில் கம்பி வைத்துக்கொண்டார். டைட்டானியம். அதோடு ஆறு வருடம் நடந்தார். சஞ்சயனத்தன்று சாம்பலுக்குள் எலும்போடு அந்தக் கம்பியும் கிடந்தது, வளையாமல். சிதையின் சூட்டில் அதன் ஆக்சைடு தோல் தடித்து, வெளிறிய பொருக்காகப் பெயர்ந்து வந்தது. விரலால் தொட்டேன், மாவுபோல் ஒட்டியது. பெயின்ட் டப்பாவில் இருக்கும் அதே டை ஆக்சைடு.

“இதையும் சேத்து கடல்லதான் விடணுமா?” என்று அண்ணன் கேட்டான். பெரியவர்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. கலசத்தில் அது நிற்கவுமில்லை. துணியில் சுற்றி எடுத்துப்போனோம்.