புசூக்கி: கிரேக்கத் தந்திக் கருவியின் பெயரும் வகைகளும்

துருக்கி மொழியில் ‘போசுக்’ என்றால் கெட்டுப்போன, ஒழுங்கு மாறிய என்று பொருள். சாஸ் என்ற துருக்கித் தந்திக் கருவிக்குச் சுருதி கூட்டும் முறைகளில் ஒன்றுக்கும் அந்தப் பெயர் உண்டு. அது கருவிக்கே பெயராகி, கிரேக்கத்தில் புசூக்கி ஆனது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். முதலெழுத்தைப் ‘புதன்’ என்பதில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும்.

தமிழில் இதை யாழ் என்று எழுதுவது சரியாகாது. யாழில் சுரத்துக்கு ஒரு நரம்பு, மெட்டுகள் (கம்பியை அழுத்தும் இடங்களைக் காட்டும் குறுக்குக் கட்டுகள்) கிடையாது. புசூக்கியில் பேரிக்காயைப் பிளந்ததுபோன்ற குடம், நீண்ட தண்டி, அதில் உலோக மெட்டுகள், இரண்டிரண்டாக ஓடும் கம்பிகள். ‘நெடுங்கழுத்துத் தந்திக் கருவி’ என்று இனத்தைச் சொல்லிவிட்டு, பெயரைப் புசூக்கி என்றே வைத்துக்கொள்ளலாம். வகைகளுக்குத் தமிழ் தாராளமாக இடம் தருகிறது. ‘திரிகோர்தோ’ என்பது மூவிணைப் புசூக்கி, ‘தெத்ராகோர்தோ’ என்பது நாலிணைப் புசூக்கி.

மூவிணையில் ஆறு கம்பிகள். ரே-லா-ரே என்று கூட்டுவார்கள். நம் கணக்கில் ச-ப-ச. 1922இல் ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) துரத்தப்பட்ட கிரேக்கர்கள் ஏதென்ஸ் அருகே பிரேயஸ் துறைமுகத்தில் குவிந்தபோது, அங்கே தழைத்த ரெபெட்டிகோ என்னும் நகர்ப்புற எளியோர் பாடல்களின் குரல் இதுதான். ரெபெட்டிகோ கலைஞர் மார்கோஸ் வம்வகாரிஸ் வாசித்ததும் இதைத்தான். 1936க்குப் பின் கிரேக்கத்தை ஆண்ட மெடக்ஸாஸின் சர்வாதிகாரம் அந்தப் பாடல்களைத் தணிக்கை செய்தது. பாக்லமாஸ் என்ற குட்டிக் கருவியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போக முடிந்தது. ‘கட்டுதல்’ என்னும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. துருக்கியில் அதே பெயருள்ள கருவி பெரியது, அதன் மெட்டுகள் தண்டியில் கட்டப்பட்டவை. புசூக்கிக்கும் பாக்லமாஸுக்கும் நடுவில் சூராஸ் என்ற கருவி: குடம் சிறியது, தண்டி ஏறக்குறைய புசூக்கி நீளம்.

நாலிணையை 1950களில் பரப்பியவர் புசூக்கிக் கலைஞர் மனோலிஸ் கியோட்டிஸ். எட்டுக் கம்பிகள், தோ-ஃபா-லா-ரே. கிட்டாரின் மெல்லிய நான்கு கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்கினால் இதே அமைப்பு வரும். அதனால் கிட்டார் பழகிய கை இதில் சீக்கிரம் ஓடும். வேகமும், பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளும் எளிதாக வரும்.

அப்புறம், எதை வாங்குவது? ரெபெட்டிகோதான் ஆசை என்றால், கிட்டார் தெரிந்தவர்களுக்கும் மூவிணையையே சொல்வேன். ஒரு கம்பியில் பாட்டின் இசை ஓட, மற்றவை ஆதார சுருதியாக நிற்கும் அழகு நாலிணையில் அப்படியே கிடைப்பதில்லை. புதிய பாடல்களுக்கு நாலிணை போதும்.

கடையில் முத்துச்சிப்பி வேலைப்பாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், அதற்கும் நாதத்துக்கும் தொடர்பில்லை. ஒற்றைக் கண்ணால் தண்டியை நீளவாக்கில் பாருங்கள். முறுக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பன்னிரண்டாம் மெட்டை அழுத்தி மீட்டினால், வெறும் கம்பியின் சுரம் ஒரு ஸ்தாயி மேலே பிசகாமல் வர வேண்டும். கீழ்ச்சுர இணையில் தடித்தது ஒன்று, அதற்கு ஒரு ஸ்தாயி மேலாக மெல்லியது ஒன்று. ஒரே மீட்டலில் இரண்டும் தெளிவாகக் கேட்கிறதா என்று காதைக் கிட்டே வைத்துப் பாருங்கள்.