இரண்டு விரல்களைப் பிரித்தறிந்த கண்ணாடி

"2007-இல் வந்த முதல் ஐபோனில் 2 மெகாபிக்சல் கேமராதான். வீடியோ எடுக்க முடியாது, 3ஜி கிடையாது. அதே ஆண்டு வந்த நோக்கியா என்95-இல் 5 மெகாபிக்சல் கேமரா, 3ஜி, ஜிபிஎஸ் எல்லாமே இருந்தன. பிறகு ஏன் ஐபோனைக் கொண்டாடுகிறார்கள்?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. குறைகள் இன்னும் உண்டு. எழுத்தை வெட்டி ஒட்டும் வசதி இல்லை. வெளியார் செயலிகளை நிறுவ முடியாது. 3ஜி-க்கு முந்தைய எட்ஜ் என்ற மெதுவான இணைப்பில் இணையப் பக்கங்கள் ஊர்ந்து வந்தன. இத்தனைக்கும் 8 ஜிபி கருவியின் விலை, இரண்டாண்டுத் தொலைபேசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் 599 டாலர். விவரப் பட்டியலை வைத்து மதிப்பெண் போட்டால் என்95 எளிதாக வென்றுவிடும். ஆனால் பட்டியலில் 'தொடுதிரை' என்று ஒரே சொல்லில் முடிந்துபோகும் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது.

அன்றைய தொடுதிரைகள் பெரும்பாலும் மின்தடை வகையைச் சேர்ந்தவை. வளையும் பிளாஸ்டிக் தாள் மேலே, கண்ணாடி கீழே; இரண்டின் உட்புறத்திலும் மின்கடத்தும் பூச்சு. அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், அங்குள்ள மின்னழுத்தத்தைக் கொண்டு இடம் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் அழுத்தினால், சாதாரண மின்தடைத் திரை நடுவில் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும்.

ஐபோனில் அழுத்தவே வேண்டாம். மேற்கண்ணாடிக்கு அடியில், இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளிபுகும் மின்கடத்தியால் ஆன கோடுகள் இரண்டு அடுக்குகளாக ஓடுகின்றன: ஓர் அடுக்கு குறுக்கே, மற்றது நெடுக்கே. அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. எனவே ஒவ்வொரு சந்திப்பும் ஒரு குட்டி மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அமைப்பு. குறுக்குக் கோடு ஒன்றில் மின்துடிப்பை அனுப்பி, நெடுக்குக் கோடுகளுக்கு எவ்வளவு மின்னூட்டம் போய்ச்சேர்கிறது என்று அளக்கிறார்கள். பிறகு அடுத்த குறுக்குக் கோடு, அதற்கடுத்தது. விரல் அருகில் வந்தால் மின்புலத்தின் ஒரு பங்கை நம் உடல் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சந்திப்பில் மட்டும் அளவு குறைகிறது. உலர்ந்த நகத்தில் மின்சாரம் ஓடாது என்பதால் நகநுனியால் தட்டினால் திரை கண்டுகொள்வதில்லை.

சந்திப்புகளைத் தனித்தனியே அளப்பதில்தான் சூட்சுமம். வரிசைகளை (குறுக்குக் கோடுகளை) மொத்தமாகவும் நிரல்களை (நெடுக்குக் கோடுகளை) மொத்தமாகவும் மட்டும் அளந்தால், இரண்டு விரல்களுக்கு இரண்டு வரிசைகளும் இரண்டு நிரல்களும் தெரியும். அவை வெட்டிக்கொள்ளும் இடங்களோ நான்கு! அதில் இரண்டு போலி. எவை உண்மை என்று சொல்ல வழியில்லை. சந்திப்பு வாரியாக அளந்தால் போலிகளே எழுவதில்லை. இரு விரல்களால் படத்தை விரிக்க முடிந்தது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கடுத்த படி. கோடுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. ஆனால் திரையோ அதைவிட மிக நுட்பமாக விரலைப் பின்தொடர்கிறது. ஒரு விரல்நுனி பல சந்திப்புகளின் மேல் ஒரே சமயத்தில் படர்கிறது. ஒன்றில் அதிகக் குறைவு, பக்கத்தில் கொஞ்சம் குறைவு. குறைந்த அளவுகளை எடையாகக் கொண்டு சராசரி கண்டால், கோடுகளுக்கு நடுவே விழும் புள்ளியும் துல்லியமாகக் கிடைத்துவிடும். பருமனான விரல் இங்கே தடையே இல்லை. அது பருமனாக இருப்பதால்தான் கணக்கு பலிக்கிறது.

இந்த வகைத் திரையின் வேர் எங்கே என்று தேடினால், 1965-இல் பிரிட்டனின் மால்வெர்ன் ரேடார் ஆய்வகத்தில் ஜான்சன் என்ற பொறியாளர் வெளியிட்ட குறிப்பு கிடைக்கிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பயன்படுத்துவதற்கான யோசனை அது. 1970-களில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் இயற்பியல் ஆய்வகம் தன் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காக இதே வகைத் திரைகளை உருவாக்கியது. இரண்டும் பொதுப்பணத்தில் நடந்த வேலைகள். "இந்த ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன்?" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்கள் இந்த நாற்பதாண்டு இடைவெளியைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மாணவரின் பட்டியலுக்கு வருகிறேன். 2008 ஜூலையில் செயலிக் கடை திறந்தது. 2009 ஜூனில் வெட்டி ஒட்டும் வசதி வந்தது. இரண்டுமே மென்பொருள் புதுப்பிப்பாக, 2007-இல் வாங்கிய அதே கருவிக்குக் கிடைத்தன. கேமராவும் 3ஜி-யும் அதில் கடைசிவரை மாறவில்லை. அந்த இரண்டிலும் என்95-க்குத்தான் என் மதிப்பெண். ஆனால் என்95-இல் தொடுதிரையே கிடையாது, அதை எந்தப் புதுப்பிப்பாலும் பின்னர் சேர்த்திருக்க முடியாது.