ரெட்கான்: பின்னோக்கிய தொடர்ச்சியா, முன்கதைத் திருத்தமா?

'ரெட்கான்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக்கமாக 'பின்னோக்கிய தொடர்ச்சி' என்ற தொடரை இந்த மாதத்தில் மூன்றாம் முறையாகப் படித்துவிட்டேன். இனிப் பொறுப்பதற்கில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் கதையில் முன்பு நடந்ததாகச் சொன்னதைப் பிற்பாடு மாற்றிச் சொல்வதுதான் ரெட்கான். ஷெர்லாக் ஹோம்ஸ் அருவியில் விழுந்து மாண்டதாக 1893-இல் எழுதிய கோனன் டாயில், அவர் விழவே இல்லை என்று 1903-இல் எழுதினார். 'ரெட்ரோஆக்டிவ் கன்டினியூட்டி' என்பதன் சுருக்கமே ரெட்கான் என்ற சொல். 1980-களில் அமெரிக்க காமிக்ஸ் வாசகர்களிடையே பரவியது. பிறப்புக் கதை அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து, சொல்லுக்குச் சொல் எடுத்து ஒட்டியிருக்கிறார். நமக்குத் தொடர்ச்சி என்றால் அடுத்து வருவது. 'தொடர்ச்சி 48-ஆம் பக்கம்' என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அதைப் பின்னோக்கித் திருப்பினால், கதைக்கு முந்தைய கதையைச் சொல்லும் புதுப் பாகம் என்றே பொருள்படும். மூலச்சொல் குறிப்பதோ முன்னுக்குப் பின் முரணின்மையை. படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்ப்பவரைக் கேளுங்கள்: இடக்கைக் கடிகாரம் அடுத்த ஷாட்டில் வலக்கைக்குத் தாவாமல் காப்பதுதான் அவர் வேலை. 'பின்னோக்கிய' மட்டும் என்ன வாழ்ந்தது? கேட்டதும் ஃபிளாஷ்பேக்தான் நினைவுக்கு வரும். ஃபிளாஷ்பேக் பழையதைக் காட்டும், மாற்றாது. சம்பள உயர்வை 'முன்தேதியிட்டு' வழங்கும் அரசாணையின் தமிழ் இதைவிட மேல்.

புலவர் நண்பர் ஒருவர், பழைய நூல்களில் பிறர் பிற்பாடு பாடல்களை நுழைப்பதைக் குறிக்கும் 'இடைச்செருகல்' போதும் என்கிறார். போதாது. செருகுபவர் பெயர் தெரியாதவர், செருகியதையும் மறைப்பவர். ரெட்கானில் கதைக்கு உரியவர்களே ஊரறிய மாற்றுகிறார்கள். 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இறந்துபோன பாபி 1986-இல் குளியலறையில் வந்து நின்றார். ஒரு பருவம் முழுவதும் அவருடைய முன்னாள் மனைவி பமீலா கண்ட கனவாகிவிட்டது. இதில் எதைச் செருகினார்கள்? ஓர் ஆண்டையே அல்லவா உருவிப் போட்டார்கள்!

வார இதழ்த் தொடர்கதைகளின் தலைப்பில் 'முன்கதைச் சுருக்கம்' என்று அச்சிட்டவர்கள் நாம். சுருக்கம் இருந்த இடத்தில் திருத்தத்தை வையுங்கள்: முன்கதைத் திருத்தம். திருத்தம் என்றால் பிழை இருந்ததாக ஆகாதா என்பார்கள். அரசியல் சட்டத் திருத்தங்கள் எல்லாம் எழுத்துப்பிழை நீக்கவா வந்தன? வினையாக்குவதும் எளிது: 'முன்கதையைத் திருத்திவிட்டார்கள்.' பின்னோக்கிய தொடர்ச்சியை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு வினைமுற்று செய்து காட்டட்டும்.