டியூஷன் நோட்ல யாரோட கையெழுத்து இருக்குன்னு பாருங்க

பதினொன்னாவது படிக்கிற புள்ள ஒருத்தி டியூஷன் நோட்டை கொண்டாந்து காட்டுனா. கல்லை 20 மீட்டர் பர் செகண்ட் வேகத்துல மேல எறிஞ்சா எவ்வளவு உயரம் போகும்ங்கிற கணக்கு, ஜி, அதாவது பூமி இழுக்குறதால வர்ற ஆக்சிலரேஷன், 10ன்னு வெச்சு ஸ்டெப் ஸ்டெப்பா போட்டு விடை 20 மீட்டர், எல்லாம் கரெக்ட். "சரிம்மா, உச்சிக்குப் போய் நிக்குற அந்த நேரத்துல ஆக்சிலரேஷன், அதான் வேகம் மாறுற வீதம், எவ்வளவு?"ன்னு கேட்டேன். "சைபர் மிஸ்"ன்னா. "அப்புறம் ஏன் கீழ வருது, அங்கயேல்ல நிக்கணும்?" பேச்சையே காணோம். உச்சியில வேகம்தான் சைபர், ஆக்சிலரேஷன் அப்பவும் அதே ஜிதான். மறுபடி நோட்டை புரட்டுறேன், பூரா அண்ணாவோட கையெழுத்து. அண்ணான்னா பக்கத்து தெருவுல இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிச்சுக்கிட்டே இவளுக்கு டியூஷன் எடுக்குற பையன்.

இருபது வருஷமா ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்குறேன், காலேஜ் பசங்க டியூஷன் எடுக்குறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்ககிட்ட கேக்க பயப்படுற டவுட்டை அண்ணா அக்காகிட்ட புள்ளைங்க தைரியமா கேக்குது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 28வது பிரிவுப்படி டீச்சருங்க தனியா டியூஷன் எடுக்கவும் கூடாது. 2024 ஜனவரியில மத்திய அரசு, கோச்சிங் சென்டர்ல டிகிரி முடிச்சவங்கதான் பாடம் எடுக்கணும்னு வழிகாட்டுதல் குடுத்துச்சு, ஆனா அது 50 பேருக்கு மேல படிக்கிற சென்டருக்குத்தான். வீட்டு டியூஷனை செக் பண்ண யாரும் வரமாட்டாங்க, பெத்தவங்க நீங்கதான் பாக்கணும்.

பையன் எந்த காலேஜ், எவ்வளவு மார்க்குன்னு விசாரிக்கிறத விட வாரம் ஒருதடவை நோட்டை வாங்கிப் பாருங்க. உங்க புள்ளையோட கையெழுத்து, அடிச்சல் திருத்தலோட இருந்தா டியூஷன் நல்லா நடக்குதுன்னு நம்பலாம்.

டியூஷன் எடுக்குற தம்பி தங்கச்சிங்களா, பேனாவை புள்ளை கையில குடுத்துட்டு நீங்க பக்கத்துல உக்காருங்க, தப்பா போட்டா உடனே திருத்தாம ஏன் அப்படி போட்டன்னு கேளுங்க. அதோட, ஜேஇஇ (இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு) கணக்கு உங்களுக்கு ஈஸியா வருதுன்னு அதையே போட்டுட்டு இருக்காதீங்க, ஸ்டேட் போர்டு பன்னிரண்டாவது பிசிக்ஸ்ல தியரி 70 மார்க், அதுல அஞ்சு மார்க் கேள்வி மட்டும் 25 மார்க், பெரும்பாலும் டெரிவேஷன்தான், அதாவது ஃபார்முலா எப்படி வருதுன்னு ஸ்டெப்பா எழுதுறது. அதை நீங்களே ஒருதடவை எழுதிப் பாத்துட்டு போங்க, ரெண்டு வருஷத்துல மறந்துதான் போயிருக்கும்.

இன்னொன்னு, இதை சொல்ல யாரும் சங்கடப்படக் கூடாது. டியூஷன் ஹால்லயே நடக்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும், வீட்ல பெரியவங்க யாராவது இருக்கட்டும். ராத்திரி டவுட் மெசேஜ்னா அம்மாவோ அப்பாவோ இருக்குற குரூப்புல வரட்டும். 18 வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்க, போக்சோ சட்டம் இருக்கு. இது புள்ளைக்கும் பாதுகாப்பு, பாடம் எடுக்குற பையனுக்கும் பாதுகாப்பு.

அப்புறம் டியூஷன் எடுக்குறவங்களே, உங்க செமஸ்டர் எக்ஸாம் நவம்பர் டிசம்பர்ல வரும், புள்ளைங்களுக்கு அரையாண்டும் டிசம்பர்லதான். எந்த வாரம் வரமுடியாதுன்னு ஜூன்லயே வீட்ல சொல்லிட்டு ஆரம்பிங்க.